தண்ணீர்க் குண்டு!

மருந்தே இல்லாமல் ஒரு பீரங்கிக் குண்டைப் பிளக்க முடியுமா? முடியும். கனடாவின் கியூபெக் நகரில், 1784-85 குளிர்காலத்தில், எட்வர்ட் வில்லியம்ஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ மேஜர் செய்து காட்டினார். உள்ளே கூடான இரும்புக் குண்டில் தண்ணீர் நிரப்பி, இரும்புத் தக்கையால் இறுக்கி அடைத்து, கடுங்குளிரில் வைத்தார். அவ்வளவுதான்! ஒரு தக்கை பிய்த்துக்கொண்டு 400 அடி தாண்டிப் போய் விழுந்தது. தக்கை அசையாதபோது குண்டே பிளந்தது.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவிகிதம் பெருக்கும். இடம் கொடுக்காவிட்டால் இரும்பையும் உடைக்கும். நீச்சல் குளத்து பிளாஸ்டிக் குழாய் எம்மாத்திரம்?

அமெரிக்காவின் வட மாநிலங்களில் குளிர் வருமுன்பே குழாய்த் தண்ணீரைக் காற்றால் ஊதி வெளியேற்றி, வாயை அடைத்துவிடுவார்கள். வெயில் பூமியான டெக்சாஸில் அந்த மெனக்கெடல் குறைவு. உறைகுளிர் வந்தால் பம்ப் தானாக ஓடும்; ஓடுகிற தண்ணீர் லேசில் உறையாது.

2021 பிப்ரவரியில் பனிப்புயல். 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் வணிக இடங்களிலும் கரண்ட் போச்சு. 200 பேருக்கு மேல் இறந்த அந்தச் சோகத்துக்கு நடுவே, பம்ப்புகளும் நின்றன. குளத்துக் குழாய், ஃபில்டர் எல்லாம் விரிசல் விட்டன. கரண்ட் போனதுமே பம்ப்பின் அடித்தக்கையைக் கழற்றி, தண்ணீரை வடித்துவிடுவது அப்போது இருந்த ஒரு நல்ல வழி.

வில்லியம்ஸின் குண்டு அன்றைக்கே சொன்ன பாடம் அது. உறையும் தண்ணீரோடு மல்லுக்கு நிற்காதீர்கள், வழிவிடுங்கள்!