எச்சில் இலையும் ஆறு வார்த்தையும்: திருக்கச்சி நம்பி கதை பின்னப்பட்ட விதம்

சென்னையிலிருந்து மேற்கே காஞ்சிபுரம் போகும் பழைய சாலையில் முதலில் வருவது பூந்தமல்லி, அடுத்து ஸ்ரீபெரும்புதூர். 1009இல் முன்னதில் திருக்கச்சி நம்பியும் 1017இல் பின்னதில் இராமானுசரும் பிறந்ததாக வைணவ மரபு சொல்லும். இவ்விருவருக்கும் இடையே காஞ்சியில் ஒரு நாள் ஏற்பாடான விருந்துதான் இராமானுசர் வரலாற்றின் போக்கைத் திருப்பிவிடுகிறது. அது நடந்ததா, நடக்கவில்லையா என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டாம். கதை சொன்னவர்கள் முரணை யார் தலையில் ஏற்றினார்கள், எதைத் தீர்வு என்றார்கள், பின்வந்தவர்கள் ஏன் அந்த விருந்தைத் தாண்டிப் போனார்கள் என்பவையே இக்கட்டுரைக்கு உரிய கேள்விகள்.

இராமானுசர் காலத்தை ஒட்டிய திருவரங்கத்தமுதனாரின் இராமானுச நூற்றந்தாதி துதி நூல். அதில் கதையைத் தேடிப் பயனில்லை. சம்பவங்களைக் கோத்து ஆசாரியர் வாழ்க்கையாகச் சொல்லும் வேலை குருபரம்பரை நூல்களில்தான் முழுமை பெறுகிறது. நம்பிள்ளையின் மாணவரான பின்பழகிய பெருமாள் ஜீயர் மணிப்பிரவாளத்தில் எழுதிய ஆறாயிரப்படி குருபரம்பரா பிரபாவம் தென்கலையாருக்கு அடிப்படை நூல். வடகலையார் மூன்றாம் பிரம்மதந்திர சுதந்திர ஜீயரின் மூவாயிரப்படியைக் கொண்டாடுவார்கள். வடமொழியில் திவ்யசூரி சரிதமும் பிரபன்னாமிருதமும் உண்டு. சிறு விவரங்களில் இவை வேறுபடலாம். கதையின் எலும்புக்கூடு ஏறத்தாழ ஒன்றே.

நம்பி அந்தணரல்லாதவர், வணிகக் குடியில் பிறந்தவர். பூந்தமல்லி ஊர் வழக்கின்படி, தந்தை மகன்களுக்குத் தொழில் முதல் பிரித்துக் கொடுத்தபோது இவர் மட்டும் அதை நந்தவனத்தில் போட்டார். பூத்ததைத் தொடுத்துக்கொண்டு காஞ்சி வரதருக்கு நடந்தார். பின்னர் காஞ்சியிலேயே தங்கி ஆலவட்டம் வீசும் கைங்கரியத்தை ஏற்றார். வீசிக்கொண்டிருக்கும்போது பெருமாள் அவரோடு பேசுவார். தள்ளாத வயதில் அவரால் நடக்க முடியாதபோது பெருமாளே பூந்தமல்லிக்கு வந்து காட்சி தந்தார் என்பதும் ஊர்க்கதை. அங்குள்ள வரதராசப் பெருமாள் கோயிலில் நம்பிக்குச் சந்நிதி இருக்கிறது.

நம்பியின் குணத்துக்கு உரைகல் இன்னொரு சம்பவம். அவர் வரதரிடம் வீடுபேறு கேட்டாராம். நீ வீசினதற்கு நாம் பேசினது சரியாகப் போயிற்று. வீடு வேண்டுமென்றால் ஆசாரியனை அண்ட வேண்டும் என்று பதில் வந்தது. கடவுளோடு பேசுகிறவருக்கும் முறையில் விலக்கில்லை. நம்பி அதை முணுமுணுப்பின்றி ஏற்றார். இந்த ஏற்புதான் அடுத்த முரணுக்கு வித்து.

வேதாந்த விளக்கத்தில் ஆசிரியர் யாதவப்பிரகாசரோடு பிணங்கிப் பிரிந்த இளைய இராமானுசர் நம்பியை நாடி வருகிறார். சாலைக்கிணற்றிலிருந்து வரதருக்குத் தீர்த்தம் கொண்டுவரும் பணி அவருக்கு அமைகிறது. நம்பியையே ஆசாரியராகக் கொள்ள விரும்புகிறார். சாத்திரம் இடங்கொடாது என்று நம்பி மறுக்கிறார். நேர்வழி அடைபட்டதால் இராமானுசர் சுற்றுவழி தேடுகிறார். நம்பியை வீட்டுக்கு அழைத்து, அவர் உண்ட மிச்சத்தைத் தாம் உண்டால் சீடத்தன்மை தானே வந்துவிடும் அல்லவா?

நம்பியை அழைத்துவர இராமானுசர் ஒரு தெருவில் போக, நம்பி வேறு தெரு வழியே வந்து சேர்கிறார். கோயில் வேலை இருக்கிறது என்று அவசரமாக உண்டுவிட்டுப் போகிறார். இராமானுசரின் மனைவி தஞ்சம்மாள் இலையை அப்புறப்படுத்தி, மிஞ்சியதை வேறொருவருக்குக் கொடுத்து, இடத்தை மெழுகி, தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு மறுபடி உலை வைக்கிறாள். திரும்பி வந்த கணவருக்கு மிச்சம் இல்லை. கதைக்கலையாகப் பார்த்தால் அபாரமான இடம் இது. இரண்டு தெருக்கள் என்ற தற்செயல் ஒன்றுதான் வெளியிலிருந்து வருவது. மற்றதெல்லாம் அவரவர் குணத்திலிருந்து பிறக்கிறது. நம்பியின் அடக்கம் அவரை அவசரமாகக் கிளப்புகிறது, இராமானுசரின் ஏக்கம் அவரை வெளியே அனுப்புகிறது, தஞ்சம்மாளின் ஆசாரம் அடுப்படியைக் கழுவுகிறது.

நம்பி ஆசாரியராக மறுத்ததும் தஞ்சம்மாள் மெழுகியதும் ஒரே வருண விதியின் வேலை. ஆனால் நூல்கள் அவரிடத்தில் அதற்குப் பணிவு என்று பெயரிடுகின்றன. அவளிடத்தில் குற்றம் என்கின்றன. விதியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் குருபரம்பரை ஆசிரியர்களால் முடியவில்லை, அல்லது மனமில்லை. பழியைச் சுமக்க ஒரு பாத்திரம் தேவைப்பட்டது என்பதே என் வாசிப்பு.

விருந்து தோற்றபின் தீர்வு மேலிருந்து வருகிறது. இராமானுசரின் மனத்திலுள்ள ஐயங்களை நம்பி வரதரிடம் விண்ணப்பிக்க, ஆறு வார்த்தைகள் விடையாகக் கிடைக்கின்றன. ஐந்து தத்துவம் பற்றியவை: தாமே பரம்பொருள், உயிரும் இறையும் வேறு, சரணாகதியே வழி, அந்திம நினைவு கட்டாயமில்லை, உடல் விழும்போது வீடு. ஆறாவதுதான் கதையை நகர்த்துகிறது: திருவரங்கத்துப் பெரியநம்பியை ஆசாரியராகக் கொள்க. இராமானுசர் புறப்படுகிறார், மதுராந்தகத்தில் பெரியநம்பியைச் சந்தித்து அங்கேயே பஞ்ச சம்ஸ்காரம் என்னும் வைணவ தீட்சை பெறுகிறார். நம்பி ஆசைப்படாத இடத்தை நம்பியின் வாயாலேயே இன்னொருவருக்கு வழங்கியது நேர்த்தியான முடிச்சு அவிழ்ப்பு. யாருக்கும் மனத்தாங்கல் இல்லை, விதியும் உடையவில்லை.

இல்லற முரணுக்கு அந்த நேர்த்தி வாய்க்கவில்லை. பசித்து வந்தவருக்குச் சோறில்லை என்றது, கிணற்றடியில் பெரியநம்பியின் மனைவியோடு குடத்துத் தண்ணீருக்காகச் சண்டையிட்டது என்று தஞ்சம்மாள் கணக்கில் மேலும் இரண்டு குற்றங்கள் சேர்கின்றன. பிறந்தகத்திலிருந்து வந்ததுபோல் ஓர் ஓலை எழுதவைத்து இராமானுசர் அவளை அனுப்பிவிட்டு, வரதர் முன் துறவு ஏற்கிறார். இதோடு யாதவப்பிரகாசரின் முடிவை ஒப்பிட வேண்டும். காசி யாத்திரையில் மாணவனைக் கொல்லத் திட்டமிட்டவர் என்று இதே நூல்கள் சொல்லும் அவர், பிற்பாடு மனம் மாறி, கோவிந்த ஜீயர் என்ற பெயரோடு அதே மாணவனின் சீடராகிறார். கொலைச்சதிக்கு மன்னிப்பு உண்டு. மெழுகிய தரைக்கு இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் கதையின் உச்சம் இடம்பெயர்ந்தது. வ.ரா. எழுத்தில் 1938இல் வந்த 'ஸ்ரீ ராமானுஜர்' திரைப்படம், சரஸ்வதி சம்மான் பெற்ற இந்திரா பார்த்தசாரதியின் 'இராமானுஜர்' நாடகம், 2015இல் மு. கருணாநிதி தொலைக்காட்சிக்கு எழுதிய தொடர் ஆகியவை சீர்திருத்தக்காரரான இராமானுசரைத் தேடியவை. அந்தத் தேடலுக்கு ஏற்ற காட்சி, குரு இரகசியமாகச் சொல்லித் தந்த மந்திரத்தை இராமானுசர் ஊரறியக் கூவிச் சொன்ன திருக்கோட்டியூர்க் கோபுரம். ஆசாரியன் ஆணைக்கும் பலர் நன்மைக்கும் இடையில் முரண். நரகம் எனக்கு, வீடு இவர்களுக்கு என்னும் துணிவு. கோபித்த குருவே தழுவிக்கொள்ளும் தீர்வு. ஒரே காட்சியில் தொடங்கி முடிவதால் மேடைக்கும் மேடைப் பேச்சுக்கும் அது எடுப்பாக இருக்கிறது. விதியை மீறுகிறவனைத் தலைவனாக்கிய கதையில், விதிக்கு உட்பட்டே பெரியவரான பூந்தமல்லிக்காரர் பெருமாளின் தூதராகச் சுருங்கிப்போவது இயல்பு.

தஞ்சம்மாளைக் கதை அவ்வளவு எளிதில் விட்டுவிடாது. அவளுடைய குற்றங்கள் மூன்றையும் நீக்கிவிட்டால், இராமானுசர் இளம் மனைவியை ஏமாற்றி அனுப்பிவிட்டு வீட்டைத் துறந்தவராகத் தெரிவார். நாயகனின் துறவுக்கு நியாயம் வேண்டியிருக்கும்வரை மறுகூறுகிறவர்களுக்கு அந்த அடுப்படி தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும்.