‘ஜல்தி’யும் ‘நமஸ்தே’யும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி வாசலில் சற்று நேரம் நின்றால், இந்தி படியாத நம்மவரும் இந்தி பேசுவதைக் கேட்கலாம். ‘இதர் ஆவோ’, ‘ஜல்தி கரோ’, ‘பந்த் கரோ’. இங்கே வா, சீக்கிரம் செய், நிறுத்து. கட்டிங் மேசையருகிலும் ஓவர்லாக் வரிசையிலும் புழங்கும் இச்சொற்கள் எல்லாம் ஏவல் வினைகளே. பிற மொழியை அதன் வணக்கத்திலிருந்து கற்பது வழக்கம். நாமோ கட்டளையிலிருந்து கற்றுக்கொண்டோம்.

இந்த விலகலுக்கு வரலாறு உண்டு. 1938இல் இராஜாஜி அமைச்சரவை பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. எதிர்த்துச் சிறைசென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939இல் உயிர்நீத்தனர். 1940இல் ஆணை திரும்பப் பெறப்பட்டது. 1965இல் மீண்டும் தீ மூண்டபோது குருதி சிந்திய ஊர்களுள் திருப்பூரும் ஒன்று. அக்கதைகளைத் திண்ணையில் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது. திணிப்பை எதிர்த்தது பிழையென்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் தில்லியின் ஆணை வேறு. பிழைப்புக்காக இரயிலேறி வந்தவன் வேறு.

‘இந்தி’ என்னும் பெயரே பாரசீகர் தந்தது. சிந்து அவர்கள் நாவில் ‘ஹிந்த்’ ஆயிற்று. அந்நாட்டின் பேச்சு ‘ஹிந்தி’ ஆயிற்று. இன்றைய பாடநூல் இந்திக்கு அடிப்படை, தில்லி, மீரட் பகுதிகளில் வழங்கிய கடீபோலி. 1800இல் கல்கத்தாவில் தொடங்கிய ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில், ஆங்கிலேய அலுவலர் படிப்பதற்காக எழுதப்பட்ட நூல்கள் அதன் உரைநடை வளரத் துணைநின்றன. துளசிதாசரின் இராமகாதையோ அவதி மொழியில் அமைந்தது. 2011 கணக்கெடுப்பில் இந்தி பேசுவோராகக் காட்டப்பட்ட 52 கோடிக்கும் மேற்பட்டோரில் போஜ்புரி பேசும் 5 கோடிப் பேர் அடக்கம். ஆக, ‘இந்திக்காரர்’ என்று நாம் ஒரே சொல்லால் சுட்டுவோர் பலருக்கு அது வீட்டுமொழியே அன்று.

வீரமாமுனிவரைப் பெற்ற பெருமை நமக்குண்டு. இந்திக்கும் அப்படியொருவர் வாய்த்தார். பெல்ஜியத்தில் 1909இல் பிறந்து இயேசு சபைத் துறவியாக இந்தியா வந்த கமில் புல்கே, இராமகதையின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி அலகாபாத் பல்கலைக்கழகத்தில் இந்தியிலேயே ஆய்வேடு எழுதினார். இராஞ்சியில் தங்கி அவர் தொகுத்த ஆங்கில-இந்தி அகராதி 1968இல் வெளிவந்தது; 1974இல் பத்மபூஷண் விருது பெற்றார். அந்நியர் ஒருவர் அம்மொழிக்குச் செய்ததை எண்ணும்போது, நாலு சொல் கற்கத் தயங்கிய நமக்கு நாணம் பிறக்கிறது.

‘நமஸ்தே’ என்பது ‘நம: தே’: உமக்கு வணக்கம் என்பதே பொருள். ‘நமஸ்கார்’ அதற்கு இணையானது. நலம் விசாரிக்க ‘ஆப் கைசே ஹைன்?’, நன்றி சொல்ல ‘தன்யவாத்’. இங்கே ‘ஆப்’ என்பதைக் கவனிக்க வேண்டும். முன்னிலைக்கு இந்தியில் ‘தூ’, ‘தும்’, ‘ஆப்’ என மூன்று படிகள் உள்ளன. நம் ‘நீங்கள்’ போன்றது ‘ஆப்’. கம்பெனியில் வழங்கும் ‘கரோ’வோ ‘தும்’ படியைச் சேர்ந்தது. தந்தை வயதொத்த தொழிலாளியிடமும் அதையே சொல்கிறோம்; ‘கீஜியே’ என்றால் ‘செய்யுங்கள்’ ஆகிவிடும். (கொங்கு மண்ணில், சிறுபிள்ளையையும் ‘வாங்க, போங்க’ என்று அழைக்கும் ஊரில் இது நடக்கிறது!)

2023 மார்ச்சில், வடவர் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. அஞ்சிய தொழிலாளர் பலர் சொந்த ஊருக்கு இரயிலேறினர். பீகார் அரசு அனுப்பிய குழு திருப்பூருக்கும் வந்து விசாரித்தது. அந்நாள்களில்தான், நம் ஆலயத்தின் பின்தூணருகே ஞாயிறுதோறும் நின்ற இளைஞர்களிடம் அதுவரை ஒரு சொல்லும் பேசியதில்லை என்பது நமக்கு உறைத்தது.

அடுத்த திருப்பலி முடிந்ததும் அவர்களிடம் சென்றோம். மனப்பாடம் செய்திருந்த ‘நமஸ்தே, ஆப் கைசே ஹைன்?’ என்பதை ஒருவாறு சொல்லி முடித்தோம். ஒரு தம்பி கைகூப்பி, “ஜய் யேசு, ஃபாதர்” என்றான். ஜார்க்கண்டுக்காரன். பிறகு தயங்கிய தமிழில், இந்தி தனக்கும் பள்ளிக்கூடத்தில் கற்ற மொழிதான், வீட்டில் பேசுவது குடுக் என்றான். உராவ்ன் பழங்குடியினரின் அம்மொழி நம் தமிழோடு ஒரே திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று எப்போதோ படித்திருந்தோம். கண்ணைத் தொட்டுக்காட்டி, “உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர்?” என்று கேட்டோம். தொண்டையில் சற்று உரசினாற்போல் ‘கன்’ என்றான். பல்லைக் காட்டினோம். ‘பல்’ என்றான்.

அருகே நின்ற செக்கிங் வேலை செய்யும் அம்மா ஒருவர், “இத்தனை வருசம் பக்கத்து மேசையிலதான் நிக்கறாங்க, கேக்கவே இல்லீங்களே சாமி” என்றபடி, தம் மூக்கைத் தொட்டு அவனிடம் அதற்கும் பெயர் கேட்டார்.