அழுகையை நிறுத்திய குழந்தை "செட்டில்" ஆகிடுச்சா?

சிகிச்சைக்காகப் பிரிஞ்சு இருந்த குழந்தையைப் பத்தி எந்த வார்டுல கேட்டாலும் ஒரு பதில் வரும். "முதல் நாள் ஒரே அழுகை. இப்ப செட்டில் ஆகிட்டான்." அந்த ஒரு வார்த்தை தப்புன்னு நிரூபிக்க ஒரு மனுஷன் பத்து வருஷத்துக்கு மேல போராடினார். அவர் டாக்டர் இல்லை. ஒரு காலத்துல பாய்லருக்கு நிலக்கரி போட்டவர். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

1949ஆம் ஆண்டு லண்டன். அன்றைய பெரிய மருத்துவமனைகளின் பார்வையாளர் நேரத்தைப் பாருங்க. கைஸ் மருத்துவமனையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 முதல் 4 மணி வரை. அவ்வளவுதான். செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் ஒரு மாசம் பெற்றோர் வரவே கூடாது. ராத்திரி 7 மணியிலிருந்து 8 மணிக்குள்ள வந்து, தூங்கிட்டிருக்கிற பிள்ளையைத் தூரத்துல இருந்து பார்த்துட்டுப் போகலாம். லண்டன் மருத்துவமனையில் மூணு வயசுக்குக் கீழே இருந்தா நேர்ல சந்திக்க அனுமதி கிடையாது, தடுப்பு வழியாத்தான் பார்க்கலாம்.

இவங்க எல்லாம் கல்நெஞ்சக்காரங்களான்னு கேட்டா, இல்லை. ஆன்டிபயாடிக் வராத காலத்துல டிப்தீரியாவும் ஸ்கார்லெட் காய்ச்சலும் ஒரு வார்டையே காலி பண்ணிடும். அந்தப் பயத்துல வெச்ச விதி அது. பென்சிலின் வந்தது, பயம் குறைஞ்சது, விதி மட்டும் போகல. ஏன்னா அதுக்குள்ள இன்னொரு காரணம் ஒட்டிக்கிச்சு: அம்மா வந்துட்டுப் போனா பிள்ளை அழுது ரகளை பண்ணுது, வரலைன்னா அமைதியா இருக்கு. அப்போ வராம இருக்கிறதுதானே பிள்ளைக்கு நல்லது?

கேட்க நியாயமாத்தான் இருக்கு, இல்லையா?

இப்போ நம்ம ஆளுக்கு வருவோம். ஜேம்ஸ் ராபர்ட்சன், ஸ்காட்லாந்துக்காரர், தொழிலாளர் குடும்பம். இரண்டாம் உலகப்போர் நேரத்துல லண்டன் ஹாம்ப்ஸ்டெட்ல, குண்டுவீச்சில் வீடிழந்த குழந்தைகளுக்காக அன்னா ஃபிராய்ட் (ஆமா, சிக்மண்ட் ஃபிராய்டின் மகள்தான்) ஒரு காப்பகம் நடத்தினார். ராபர்ட்சனின் மனைவி ஜாய்ஸ் அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கிட்டாங்க. இவர் பாய்லர், ரிப்பேர், எடுபிடி வேலை. ஆனா அன்னா ஃபிராய்ட் வெச்சிருந்த ஒரு ஒழுங்கு இவர் வாழ்க்கையை மாத்துச்சு: அங்கே வேலை செய்யும் யாரா இருந்தாலும், குழந்தைகள்கிட்ட பார்த்ததை ஒரு அட்டையில எழுதித் தரணும். கருத்து வேண்டாம், கண்ணால பார்த்தது மட்டும். குழந்தை மனநல மதிப்பீடுன்னு இன்னிக்கு நாம சொல்றதோட அஸ்திவாரமே இந்தப் பழக்கம்தான்னு நான் நினைக்கிறேன். கேள்வித்தாளும் மதிப்பெண்ணும் பிறகு வர்றது.

1948இல் டேவிஸ்டாக் கிளினிக்ல மனநல மருத்துவர் ஜான் பௌல்பி இவரை வேலைக்கு எடுத்தார். கொடுத்த வேலை, சென்ட்ரல் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் குழந்தைகள் வார்டுல உட்கார்ந்து கவனிப்பது.

டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார், அஞ்சு நிமிஷம் நிப்பார், போயிடுவார். நர்ஸுக்கு ஷிஃப்ட் மாறும். ராபர்ட்சன் மட்டும்தான் ஒரே குழந்தையை மணிக்கணக்கா, நாள்கணக்கா பார்த்தவர். அவர் கண்டது மூணு கட்டம். முதல்ல எதிர்ப்பு: கத்தும், கட்டிலை உலுக்கும், வாசலையே பார்க்கும். அடுத்து நம்பிக்கை இழப்பு: சத்தம் குறையும், விளையாடாது, சாப்பாடு இறங்காது. மூணாவது விலகல்: யார் வந்தாலும் சிரிக்கும், பொம்மை கொடுத்தா வாங்கிக்கும், அம்மா வந்தா மட்டும் கண்டுக்காது. வார்டுல எல்லாரும் "செட்டில் ஆகிடுச்சு"ன்னு சந்தோஷப்பட்டது இந்த இரண்டாவது, மூணாவது கட்டத்தைப் பார்த்துத்தான்.

சொன்னார். யாரும் நம்பல. டாக்டரும் இல்லாத ஒரு ஆள் வந்து நமக்குப் பாடம் எடுக்கிறதான்னுதான் இருந்தது. (எங்க தொழில்ல இந்த வியாதி இன்னும் முழுசா குணமாகலை.) அதனால ஒரு கையடக்க சினிமா கேமரா வாங்கினார். அதுக்கு முன்னாடி படம் எடுத்தே பழக்கமில்லாதவர்.

1951. லாரான்னு ஒரு குழந்தை, வயசு இரண்டரையைத் தொடப்போகுது. தொப்புள் ஹெர்னியா ஆபரேஷனுக்காக எட்டு நாள் அட்மிஷன். வேணும்னே அழுமூஞ்சிப் பிள்ளையைத் தேர்ந்தெடுத்தார்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு, காத்திருப்போர் பட்டியல்ல இருந்து குலுக்கல் மாதிரி எடுத்தார். முன்கூட்டியே நிச்சயித்த நேரத்துல மட்டும் படம் பிடித்தார். சுவர்க் கடிகாரமும் ஃபிரேமுக்குள்ள தெரியும்படி பார்த்துக்கிட்டார்.

லாரா அதிகம் அழவே இல்லை. அந்தப் படத்தைப் பார்க்க முடியாம பண்றது அதுதான். அழுகை முட்டிக்கிட்டு வரும், முகம் கோணும், அடக்கிக்கும். கரடி பொம்மையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஏதோ சாதாரண விஷயம் கேட்கிற மாதிரி அம்மா எங்கேன்னு கேட்கும். அம்மா வந்தப்போ முகத்தைத் திருப்பிக்கிட்டது. எட்டாவது நாள் டிஸ்சார்ஜ். வார்டை விட்டு நடந்து வெளியே போகுது, அம்மா கையை மட்டும் பிடிக்க மாட்டேங்குது.

1952 நவம்பரில் ராயல் மெடிசின் சொசைட்டியில் திரையிட்டார். அரங்கம் கொதிச்சது. மருத்துவத் துறையையே அவமானப்படுத்திட்டார், இது அசாதாரணமான குழந்தை, படத்தைத் திரும்பப் பெறணும்னு எழுந்து எழுந்து பேசினாங்க. அன்னிக்குக் கோபப்பட்டவர்களில் டெர்மாட் மெக்கார்த்தி என்கிற குழந்தை மருத்துவரும் ஒருத்தர். ஆனா அவர் அமர்ஷாம்ல இருந்த தன் வார்டுக்குத் திரும்பிப் போனார், தன் கண்ணாலயே பார்த்தார். அதுக்கப்புறம் அம்மாக்களை உள்ளே தங்க வெச்சார். 1958இல் ராபர்ட்சனின் அடுத்த படமே அந்த வார்டுலதான்: அம்மாவோட அட்மிட் ஆன குழந்தை எப்படி இருக்குன்னு.

இதுல ஒண்ணு சொல்லியாகணும். இங்கிலாந்திலேயே நியூகாசில்ல ஜேம்ஸ் ஸ்பென்ஸ் 1920களிலிருந்தே குழந்தையோட தாயையும் சேர்த்து அட்மிட் பண்ணிக்கிட்டிருந்தார். முப்பது வருஷம் கண்ணெதிரே உதாரணம் இருந்தும் மத்தவங்க எட்டிப் பார்க்கல.

1959இல் சர் ஹாரி பிளாட் தலைமையிலான அரசுக் குழு, பார்வையாளர் நேரக் கட்டுப்பாட்டை எடுங்க, சின்னக் குழந்தைகளோட அம்மாவைத் தங்க விடுங்கன்னு பரிந்துரைச்சது. மருத்துவமனைகள் அசையல. 1961இல் ராபர்ட்சன் தன் படங்களை பிபிசி தொலைக்காட்சிக்குக் கொண்டு போனார். அதே வருஷம் லண்டன் பேட்டர்சீயில் சில அம்மாக்கள் ஒரு சங்கம் ஆரம்பிச்சு, வார்டு வார்டா போய்க் கேள்வி கேட்க ஆரம்பிச்சாங்க. கதவு திறந்தது அறிக்கையால கொஞ்சம், இந்த அம்மாக்களால நிறைய.

நம்ம ஊர் அரசு மருத்துவமனையில கட்டிலுக்குக் கீழே பாய் விரிச்சுப் படுத்திருக்கிற அம்மாவைப் பார்த்து "கூட்டம்"னு சலிச்சுக்கிறோம். வேலூர் சிஎம்சி மனநல மையத்துல நோயாளியோட குடும்பத்தினர் தங்குவது சிகிச்சையோட பகுதியாவே பல பத்தாண்டுகளா இருக்கு. அங்கே அது இடநெருக்கடி இல்லை, மருந்து.

இதை உங்களுக்கு ஏன் சொல்றேன்னா, பிரிவு வார்டுல மட்டும் நடக்கிறதில்லை. கிரெச், ஹாஸ்டல், அம்மா பிரசவத்துக்குப் போகும்போது பாட்டி வீடு. அப்போ எல்லாரும் கொடுக்கிற யோசனை, பிள்ளை பார்க்காதப்போ நழுவிடு. செய்யாதீங்க. சொல்லிட்டே போங்க, அழுதாலும் பரவாயில்லை. திரும்பி வரும்போது உங்களைப் பார்த்து ஓன்னு அழுதா பயப்படாதீங்க. உங்ககிட்ட அழலாம்னு அதுக்கு இன்னும் நம்பிக்கை இருக்கு. கண்டுக்காம திரும்பிக்கிட்டா "கோவமா?"ன்னு கேலி பண்ணாம, பக்கத்துல உட்காருங்க. நாட்கள் ஆகலாம். வாரக்கணக்கில் தூக்கம், சாப்பாடு, பேச்சு பழைய நிலைக்கு வரலைன்னா குழந்தை மருத்துவரிடம் காட்டுங்க.

அப்போ அம்மாவால கூட இருக்க முடியலைன்னா? ராபர்ட்சன் தம்பதிக்கும் இந்தக் கேள்வி இருந்தது. 1960களில், அம்மா பிரசவத்துக்குப் போன நாலு குழந்தைகளை ஒவ்வொருத்தரா தங்கள் வீட்டில் வெச்சுப் பார்த்துக்கிட்டாங்க. முன்னாடியே பழகி, அதே சாப்பாடு, அதே தூங்கும் நேரம், அம்மாவைப் பத்தித் தினமும் பேச்சு. குழந்தைகள் ஏங்கினாங்க, ஆனா உடைஞ்சு போகல.

அதே காலத்துல ஜான்னு ஒரு 17 மாசக் குழந்தை, ஒன்பது நாள் காப்பகத்துல. நர்ஸ்கள் அன்பானவங்கதான். ஆனா குளிப்பாட்ட ஒருத்தர், ஊட்ட ஒருத்தர், ஷிஃப்ட் முடிஞ்சா வேற ஒருத்தர். ஜான் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் மடியைத் தேடிப் போய்ப் பார்த்தான். யாரும் நிலைக்கல. கடைசியில ஒரு பெரிய கரடி பொம்மையைக் கட்டிக்கிட்டுக் கிடந்தான். ஒன்பதாவது நாள் அம்மா வந்து தூக்கினப்போ, அவங்க கையில இருந்து திமிறிக்கிட்டு இறங்கப் பார்த்தான்.