மகரக்கட்டு உடைந்த பிறகு



போன மாதம் நம் அறிவிப்புப் பலகையில் இரண்டு தாள்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று, பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிக்கலாம் என்ற வழிகாட்டிக் கூட்டம். மற்றொன்று, ஆண்டு விழா நாடகத்துக்குப் பெயர் கொடுக்கச் சொல்லும் அழைப்பு. முதல் கூட்டத்துக்கு நாற்காலி போதாமல் நம்ம ஊர் ஜமக்காளத்தை விரிக்க வேண்டியதாயிற்று. நாடகத்துக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் ஒரு பிள்ளையும் பெயர் கொடுக்கவில்லை. "படிக்கிற பையனுக்கு எதுக்குங்க நாடகம்?" என்று லிஃப்டில் ஒருவர் கேட்டார். கேள்வியில் தப்பில்லை. அதற்கு நூறு வருட வரலாறு இருக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அன்று நாடகமும் வேலைவாய்ப்பும் ஒரே வாசல். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா தொடங்கியது. ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள். வளர்ந்த நடிகர்கள் எழுதியதைப் பேசாமல் மேடையில் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்துச் சலித்தவர், சொன்னதைக் கேட்கும் சிறுவர்களைக் கொண்டு நாடகம் போட முடிவு செய்தார். அந்தச் சபையில் ஆறு வயதில் சேர்ந்தவர் டி.கே.சண்முகம். கமல்ஹாசனின் 'அவ்வை சண்முகி' என்ற தலைப்பு யாரை நினைவுபடுத்துகிறதோ, அவரேதான். அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததை 'எனது நாடக வாழ்க்கை' நூலில் அவர் நெகிழ்ந்து சொல்கிறார்.

பாய்ஸ் கம்பெனி என்பது பள்ளிக்கூடம், விடுதி, வேலையிடம் மூன்றும் சேர்ந்தது. இத்தனை வருடம் என்று பெற்றோர் ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பார்கள். சாப்பாடும் படுக்க இடமும் கம்பெனி பொறுப்பு. காலையில் பாட்டு, பிறகு வசனம் மனப்பாடம், இரவில் நாடகம். பெரும்பாலும் வறுமைதான் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டது. எம்.ஜி.ஆர். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அண்ணன் சக்ரபாணியோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனது அப்படித்தான். நம் சிங்காநல்லூரில் பிறந்த எஸ்.வி.சகஸ்ரநாமமும் படிப்பைப் பாதியில் விட்டு டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில் சேர்ந்தவர். பின்னாளில் சேவா ஸ்டேஜ் என்ற சொந்தக் குழுவையே நடத்தினார்.

பெயர் வாங்கியவர்களைச் சொல்கிறேன். கூடவே போய்ப் பெயர் வாங்காதவர்களை நினைத்துப் பாருங்கள். நாடகக்காரர்களிடம் 'மகரக்கட்டு' என்று ஒரு சொல் உண்டு. பையனுக்குப் பதினான்கு, பதினைந்து வயதில் குரல் உடைவதை அப்படிச் சொல்வார்கள். அதுவரை ஸ்திரீபார்ட்டோ பால பார்ட்டோ போட்டுக் கைதட்டல் வாங்கியவன், ஒரு வாரத்தில் பாட முடியாதவன் ஆகிவிடுவான். மைக் இல்லாத காலம். பாட்டு இல்லை என்றால் பார்ட் இல்லை. சிலருக்குக் குரல் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. திரும்பாதவன் கையில் பள்ளிச் சான்றிதழ் கிடையாது, வேறு தொழிலும் தெரியாது. லிஃப்டில் கேட்ட கேள்வி அந்தப் பயத்தின் பேரன் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 'கூத்தாடி' என்ற வசவையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே காலத்தில் வேறு வழியில் போனவரும் உண்டு. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல், பதினெட்டு வயதில், சென்னையில் சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். வக்கீலாக இருந்தார், நீதிபதியும் ஆனார், நாடகத்தையும் விடவில்லை; எழுதியவை மட்டும் தொண்ணூறுக்கு மேல். படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள் வேஷம் கட்டினால் அது கேவலமில்லை என்று ஊர் ஒப்புக்கொண்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவருக்கு வசதி இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் பக்கம் நாடகத்துக்குப் புதிதல்ல. 1944-ல் ஈரோட்டில் டி.கே.எஸ். சகோதரர்கள் முன்னின்று தமிழ் நாடகக் கலைஞர்களின் மாநாட்டை நடத்தினார்கள்; அண்ணாவும் பேசினார். பாலத்தைத் தாண்டிக் குமாரபாளையம், சங்ககிரி வழியாகப் போனால் சேலம். அங்கே 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு ஏற்காடு சாலையில் இன்னும் நிற்கிறது. கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோ. நாடகக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தபோது நடிகர்கள் மட்டும் இங்கே வரவில்லை. திரைச்சீலை வரைந்தவர், ஆர்மோனியம் வாசித்தவர், தச்சர், தையற்காரர், வசனம் எழுதியவர் எல்லோரும் வந்தார்கள். எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' (1947) கோவையில் எடுத்த படம்தான். 1936-ல் 'சதிலீலாவதி'யில் சிறு வேடத்தில் வந்தவர் அதற்குப் பதினோரு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது அரசுப் பள்ளிகளில் இரண்டும் தனித்தனியாக நடக்கின்றன. 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' திட்டம் வந்தது. அதன்கீழ் பிளஸ் டூ முடித்தவர்களுக்குக் 'கல்லூரிக் கனவு' முகாம்கள். 2022-23 கல்வியாண்டில் 'கலைத் திருவிழா' தொடங்கி, வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம் கொடுக்கிறார்கள். இரண்டும் நல்ல ஏற்பாடுகள். ஆனால் முகாமில் 'எனக்கு என்ன வரும்?' என்று கேட்கும் பிள்ளை, ஒரு நாடகத்தில் மூன்று வாரம் இருந்தால் பாதிப் பதிலைத் தானே கண்டுபிடித்துவிடும். எங்கள் பள்ளி நாடகத்தில் எனக்கு வசனம் மறந்துபோய்த் திரைக் கயிறு இழுக்கப் போட்டார்கள். யார் எப்போது உள்ளே வர வேண்டும் என்று நோட்டில் குறித்து வைக்க ஆரம்பித்தேன். இருபத்தைந்து வருடம் அந்த மாதிரி நோட்டு எழுதித்தான் சம்பளம் வாங்கினேன்.

நம் பிள்ளைகள் ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. ஞாயிறு மாலை ஒன்றரை மணி நேரம், தேர்வு மாதத்தில் ஒத்திகை கிடையாது. நடிப்பதற்கு ஆறு பேர் போதும். விளக்கு, ஒலி, உடை, மேடைச் சாமான், செலவுக் கணக்கு ஆகியவற்றுக்கு இன்னும் எட்டுப் பேர் வேண்டும். இவற்றுக்குப் பத்தாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்கள் வந்தால் நல்லது. பெயர் கொடுக்கும் நோட்டு காவலர் அறையில் இருக்கிறது. குரல் உடைந்துகொண்டிருக்கும் பையன்களுக்காகவே ஒரு கிழவர் வேஷம் எழுதி வைத்திருக்கிறோம்.