விளக்கும் வடிகாலும்



தாதியர் சேவை எனும்போது, இரவில் விளக்கேந்தி நோயாளரைப் பார்வையிட்ட புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் உருவமே எமது மனக்கண் முன் தோன்றுகின்றது. நோயாளரைக் காத்தது அவ்விளக்கு மாத்திரந்தானா என்பதைச் சற்று நோக்குவோம்.

கிரிமியப் போர் (1853–1856) நடைபெற்ற காலமது. உஸ்மானியரின் தலைநகரான இஸ்தான்புல்லின் ஆசியக் கரையிலே, உஸ்குதாரில் அமைந்திருந்த செலிமிய்யா படைமுகாம் பிரித்தானியப் படையினரின் வைத்தியசாலையாக மாற்றப்பட்டிருந்தது. 1854 நவம்பரில் 38 தாதியருடன் அம்மையார் அங்கு வந்து சேர்ந்தார். இராணுவ வைத்தியர்கள் முதலில் அவர்களை விடுதிகளுக்குள் அனுமதிக்கவேயில்லை. பின்னர் அனுமதி கிடைத்தது. துணிகள் சலவை செய்யப்பட்டன, நல்லுணவு சமைக்கப்பட்டது, இரவு பகலாகப் பணிவிடை நடந்தது.

எனினும் மரணங்கள் குறையவில்லை! 1855 பெப்ரவரியில் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்குச் சுமார் 42 பேர் மாண்டனர். பெரும்பாலானோரைக் கொன்றது போர்க்காயமன்று. வயிற்றோட்டம், வாந்திபேதி, காய்ச்சல் முதலிய நோய்களே.

காரணம் கட்டடத்தின் அடியில் இருந்தது. அடைபட்ட கழிவு வாய்க்கால்களின் மீதே அவ்வைத்தியசாலை நின்றது. 1855 மார்ச்சில் இலண்டனிலிருந்து வந்த சுகாதார ஆணைக்குழு வாய்க்கால்களைக் கழுவி, குப்பைகளையும் விலங்குகளின் சடலங்களையும் அகற்றி, சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசி, காற்றோட்டத்திற்கும் வழி செய்தது. ஜூன் மாதமளவில் மரணம் நூற்றுக்குச் சுமார் 2 ஆக இறங்கிற்று.

சகோதரர்களே! புகழின் உச்சியில் நாடு திரும்பிய அம்மையார், தாம் பணிபுரிந்த இடத்தின் மரணக் கணக்கை மூடி மறைத்திருக்கலாம். அவரைக் கேள்வி கேட்க எவர் துணிந்திருப்பர்? மாறாக, வில்லியம் பார் எனும் புள்ளிவிபர அறிஞரின் துணையுடன் மாதந்தோறும் நேர்ந்த மரணங்களைக் கணக்கிட்டார். தடுத்திருக்கக்கூடிய நோய்களால் நேர்ந்த மரணங்களை நீல நிறத்திலும், காயங்களால் நேர்ந்தவற்றைச் சிவப்பிலும் காட்டும் வரைபடத்தை 1858இல் வெளியிட்டார். அதில் நீலமே பரந்து கிடந்தது. எமது நோக்கில், விளக்கைவிட இவ்வரைபடமே அவரது பெருஞ்சேவை. தொற்றுத் தடுப்புக்கென நியமிக்கப்படும் இன்றைய தாதியர், சத்திரசிகிச்சையின் பின் சீழ் பிடித்த காயங்களைக் கணக்கெடுப்பதும் இவ்வழியிலேயேயாகும்.

நோயாளரைப் பார்க்கச் செல்லும்போது, “கையைக் கழுவிவிட்டு வாருங்கள்” எனத் தாதி கூறினால் முகஞ்சுழிப்போர் எம்மிலும் உளர். நோய்க்கிருமிக் கொள்கை நிலைபெறுவதற்கு முன்னரே, 1859இல் எழுதிய தாதியியல் நூலில், தாதியர் பகலில் அடிக்கடி கைகழுவ வேண்டுமென அம்மையார் பணித்திருந்தார்.