சேரி எழுதப்படாத சீட்டு



நினைவுப் பேருரை என்றால் மறைந்தவர்களை நினைப்பது. இன்று நாம் நினைக்கப் போவது சிலை வைக்கப்பட்டவர்களை அல்ல. செங்கம் போன்ற வட்டாரங்களிலிருந்து கடல் கடந்து கூலிகளாகப் போனவர்களை. அவர்களில் பலர் திரும்பவில்லை. அவர்களின் கொள்ளுப் பேரர்கள் இன்று தென்னாப்பிரிக்காவிலும் மொரீசியசிலும் பிஜியிலும் இருந்துகொண்டு, "எங்கள் ஊர் எது?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு நமக்கு இருக்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் அயர்லாந்தைப் பார்ப்போம். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அந்நாட்டில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதைவிடவும் அதிகமானோர் கப்பலேறினார்கள். 1922இல் டப்ளின் நகரின் அரசு ஆவணக் காப்பகம் உள்நாட்டுப் போரில் எரிந்து, மக்கள்தொகைக் கணக்குகள் சாம்பலாயின. ஆனாலும் அமெரிக்காவிலிருக்கும் ஓர் ஐரிஷ் வம்சாவளியினர் தம் மூதாதையைத் தேட முடிகிறது. காரணம், கத்தோலிக்கப் பங்குகளின் திருமுழுக்குப் பதிவேடுகள் அந்தந்தப் பங்குகளிலேயே இருந்ததால் தப்பின. குழந்தையின் பெயர், தாய் தந்தை பெயர், ஞானப்பெற்றோர் பெயர் எல்லாம் அவற்றில் உண்டு. அயர்லாந்தின் தேசிய நூலகம் 2015இல் அவற்றை யாரும் இலவசமாகப் பார்க்கும்படி இணையத்தில் வைத்துவிட்டது. குடிசையில் பிறந்தவனுக்கும் ஒரு வரி கிடைத்தது.

நமக்கு அப்படி எந்தப் பதிவேடு இருந்தது? கோயில் கல்வெட்டு, கொடுத்தவன் பெயரை வெட்டியது. உழைத்தவன் பெயரை வெட்டவில்லை. கர்ணத்தின் கணக்கு, பட்டா வைத்திருந்தவன் பெயரை எழுதியது. படியாளுக்கு நிலமில்லை, ஆகவே கணக்கில் பெயருமில்லை. 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. ஆனால் கடனும் படியும் அவனை அதே களத்தில் கட்டிப்போட்டன. சில இடங்களில் மிஷன்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள் நமக்கு உதவும். சேத்துப்பட்டில் பணியாற்றிய பிரெஞ்சுப் பாதிரியார் தராஸ் காலத்தில் நம் மக்கள் பெருந்தொகையாகக் கத்தோலிக்கத்தில் சேர்ந்தார்கள். அந்தக் குடும்பங்களுக்கு ஐரிஷ்காரருக்கு இருப்பது போன்ற ஒரு வழி உண்டு. மற்றவர்களுக்கு?

மற்றவர்களுக்குக் கிடைத்த பதிவேடு விசித்திரமானது. அது கூலிக் கப்பலின் பதிவேடு.

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள் அவர்களே. 1911இல் அந்த ஏற்றுமதி நிறுத்தப்படும்வரை 1,52,184 பேர் நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். வட ஆற்காடும் தென்னாற்காடும் ஆட்களை அதிகம் அனுப்பிய மாவட்டங்களில் அடங்கும். 1876இல் வந்த தாது வருசப் பஞ்சமும், மழை பொய்த்த பிற ஆண்டுகளும், எப்போதும் தீராத படியாள் கடனும் ஆள்பிடிப்பவர்களின் வேலையை எளிதாக்கின.

ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் தரப்பட்டது. எண்ணுக்கு எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் ஆகியவை எழுதப்பட்டன. நெற்றித் தழும்பு, முழங்கை மச்சம், பச்சைகுத்திய கோலம் என்று உடம்பையே கையெழுத்தாக எடுத்துக்கொண்டார்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதப்பட்டது அது. அடிமைத்தளையைக் கழுத்தில் மாட்டிய அதே காகிதம், ஊர்க் கணக்கில் இடமே இல்லாத ஒரு படியாளின் பெயரையும் அவன் அப்பன் பெயரையும் எழுதி வைத்தது. இந்த முரணை நாம் மழுப்பக் கூடாது. அந்தக் காகிதத்துக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. அதைப் பயன்படுத்த வேண்டும்.

எப்படிப் பயன்படுத்துவது? நேட்டால் குடும்பங்களில் பழைய பிறப்பு, திருமணச் சான்றுகளில் காலனி எண் இருக்கும். அதைக் கொண்டு டர்பன் ஆவணக் காப்பகத்தின் பதிவேட்டை அடையலாம். மொரீசியசுப் பதிவேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. பிஜிக்குச் சென்னையிலிருந்து 1903 முதல் 1916 வரை ஆட்கள் போனார்கள். அவர்களுடைய குடியேற்றச் சீட்டுகள் பிஜியின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் குடியேற்றம் பற்றிய அரசு நடவடிக்கைக் குறிப்புகள் உண்டு.

பதிவேடு கையில் கிடைத்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. செங்கத்தையே எடுத்துக்கொள்வோம். 1911க்கு முன் செங்கம் தென்னாற்காடு ஜில்லாவின் திருவண்ணாமலைத் தாலுகாவில் இருந்தது. மாவட்ட எல்லைகள் மாறியபோது வட ஆற்காட்டுக்கு வந்தது. 1989இல் பிரிக்கப்பட்ட மாவட்டத்தில் இன்று இருக்கிறது. ஆகவே செங்கத்து ஆளை வட ஆற்காடு என்ற தலைப்பின் கீழ்த் தேடுபவருக்கு ஒன்றும் அகப்படாது. வெள்ளைக்கார எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். செங்கம் 'செங்கமா' ஆனது. திருவண்ணாமலை 'திரினோமலி' ஆனது. எழுத்தைக் கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் படித்தால்தான் ஊர் பிடிபடும்.

பெயரிலும் இதே கதை. போனவரின் தனிப்பெயரோ அவருடைய தந்தை பெயரோ, அடுத்த தலைமுறைக்குக் குடும்பப் பெயராக உறைந்துபோனது. சிலர் அங்கே போய் 'பிள்ளை', 'நாயுடு', 'கவுண்டர்' என்று பட்டம் சேர்த்துக்கொண்டார்கள். அதை ஏமாற்று என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. இங்கே மறுக்கப்பட்ட மரியாதையை அங்கே ஒரு சொல்லில் எடுத்துக்கொண்டார்கள்.

சாதி என்ற கட்டம் இன்னும் கவனத்தோடு படிக்க வேண்டியது. சிலருக்கு அதில் சாதிப் பெயர் இருக்கிறது. சிலருக்கு 'கிறிஸ்தவர்' என்றும், சிலருக்கு 'மலபார்' என்று பொதுவாகவும் எழுதியிருக்கிறது. அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரை அப்படித்தான் அழைத்தார்கள். கேட்டவர் யார், சொன்னவர் யார், பயத்தில் சொன்னாரா, துணிந்து மாற்றிச் சொன்னாரா என்பதைக் கட்டம் காட்டாது. எனவே அதை ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

இப்போது நம் தலைப்புக்கு வருகிறோம். சீட்டில் ஜில்லா இருக்கிறது, தாலுகா இருக்கிறது, கிராமம் இருக்கிறது. சேரி இல்லை. வருவாய்க் கிராமத்தின் பெயர்தான் எழுதப்பட்டது. கொள்ளுப் பேத்தி ஒருத்தி அந்தக் காகிதத்தோடு வந்து இறங்கினால், வாடகைக் கார் அவளை எங்கே கொண்டுபோய் விடும்? ஊருக்குள்தான். ஊர்க் கோயிலைக் காட்டுவார்கள், ஊர்ப் பெரியவரைக் காட்டுவார்கள். அவள் கண் கலங்கி மண்ணை எடுத்து முடிந்துகொண்டு போவாள். அவளுடைய பாட்டன் அந்தத் தெருவில் செருப்போடு நடக்க விடப்பட்டிருக்க மாட்டான். அவன் பிறந்த இடம் அரைக் கல் தொலைவில், ஓடைக்கு அப்பால் இருந்திருக்கும். நாம் பேசாமல் இருந்தால் கப்பலேறும்போது விட்டுப்போன வரி, திரும்பி வரும்போதும் விட்டுப்போகும்.

காகிதம் இல்லாமை வெறும் உணர்ச்சிப் பிரச்சினை அல்ல. இலங்கைக்குப் போன நம் மக்கள் கங்காணியின் கீழ்ப் போனார்கள். நேட்டாலுக்குப் போனவர்களைப் போல ஆளுக்கொரு விரிவான சீட்டு அவர்களுக்கு இல்லை. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தந்தை அந்த மண்ணில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களில் பெரும்பாலோரிடம் அந்தச் சான்று இல்லை. பல லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் இரண்டு பிரதமர்கள் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டார்கள். எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். ஒரு வரி எழுதப்படாததன் விலை அது.

ஆகவே இங்கிருக்கும் மாணவர்களிடம் சில வேலைகளை ஒப்படைக்கிறோம். செய்யாற்றின் இரு கரையிலும், ஜவ்வாது மலையடிவாரத்திலும் உள்ள ஒவ்வொரு சேரியின் பழைய பெயரை, அது இருந்த இடத்தை, சுடுகாட்டை, குலதெய்வத்தை எழுதுங்கள். சேரி இடம் மாறியிருந்தால் எப்போது, யார் மாற்றினார்கள் என்றும் எழுதுங்கள். 'நேட்டாலுக்குப் போனவர்', 'மோரிசுக்குப் போனவர்', 'கண்டிச் சீமைக்குப் போனவர்' என்று பாட்டிமார் சொல்லும் பெயர்களைக் குறியுங்கள். ஒப்பாரியில் வரும் பெயரும் சான்றுதான். பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளையும், 1899 சட்டப்படி கிராமங்களில் எழுதப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுகளையும் கரையான் தின்னும் முன் படியெடுங்கள்.

ஒரு கட்டுப்பாடும் வேண்டும். தேடி வருகிறவர்களிடம் பதிவேடு சொல்லும் சாதியை மறைக்க வேண்டாம். அவர்கள் சம்மதமின்றி ஊரறியச் சொல்லவும் வேண்டாம். அதை அறிந்துகொண்டு என்ன செய்வது என்பது அவர்கள் முடிவு. ஆனால் எங்கே பிறந்தான் என்ற கேள்விக்கு உண்மையான இடத்தைக் காட்டுவது நம் கடமை.

அடுத்த முறை அப்படி ஒருவர் செங்கம் பேருந்து நிலையத்தில் இறங்கினால், அவரை ஊர் வழியாகவே, ஆனால் ஊரோடு நிறுத்திவிடாமல், ஓடையைத் தாண்டி அழைத்துப் போவோம். "இங்கேதான்" என்று சொல்வோம்.

ஜெய்பீம்.