காற்றில் குளிரும் எஞ்சினுக்கு வெயில் பகையா?

தண்ணீர் இல்லாமல் காற்றால் மட்டும் குளிரும் கார் எஞ்சின் குளிர்நாட்டுக்குத்தான் சரி, வெயில் நாட்டில் தாங்காது என்ற எண்ணம் மோட்டார் உலகில் நூறாண்டாக உலவுகிறது. அதற்குச் சான்றாகக் காட்டப்படுவது 1923-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வெளியிட்ட செவர்லே. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய அந்த எஞ்சினில் இரும்புச் சிலிண்டர்களைச் சுற்றிச் செம்புத் தகடுகள் ஒட்டவைக்கப்பட்டிருந்தன. செய்தவை 759 கார்கள். 239 தொழிற்சாலையிலேயே கழிக்கப்பட்டன. வாடிக்கையாளர் கைக்குப் போனவை சுமார் 100. சூடேறியதும் இழுவை குறைந்ததால் அந்தக் கோடையிலேயே கார்களைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அதே நாட்டில், அதே வெயிலில், சிரக்யூஸ் நகரின் ஃபிராங்க்ளின் நிறுவனம் 1902 முதல் காற்றால் குளிரும் கார்களையே விற்றுவந்தது. அதன் பொறியாளர் ஜான் வில்கின்சன் 1910 வாக்கில் ஃப்ளைவீலையே விசிறியாக்கி, ஒவ்வொரு சிலிண்டரையும் ஒட்டிக் காற்று கீழிறங்க வழிசெய்தார். 1934-இல் அந்த நிறுவனத்தை மூடவைத்தது பொருளாதாரப் பெருமந்தம். ஒரே வெயிலில் ஒன்று தோற்று மற்றொன்று முப்பதாண்டு ஓடியிருக்கிறது என்றால், பழியை வெயில்மேல் போட முடியாது. காற்று எவ்வழியே எதன்மேல் பாய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கணக்கும் இதையே சொல்கிறது. சூடு இறங்குவது வெப்பநிலை வித்தியாசத்தால். காற்றால் குளிரும் எஞ்சினின் சிலிண்டர் ஹெட் 200 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே 20 டிகிரி என்றால் வித்தியாசம் 180. வெளியே 45 ஆகிவிட்டால் 155. இழப்பு ஏழில் ஒரு பங்குதான். ரேடியேட்டர் தண்ணீர் 95 டிகிரியில் இருந்தால் அதே மாற்றத்தில் வித்தியாசம் 75-இலிருந்து 50-க்கு இறங்குகிறது. மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. ரேடியேட்டரைப் பெரிதாக்கி அதைச் சரிக்கட்டலாம் என்பது உண்மை. ஆனாலும் வெயில் ஏற ஏறக் கூடுதலாகத் திணறுவது காற்று எஞ்சின்தான் என்ற வாதம் இங்கே நிற்கவில்லை. இருந்தும் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. எஞ்சினுக்குள் ஓடும் ஆயில் 200 டிகிரியில் இருக்க முடியாது; 100, 120 டிகிரிக்குள் அதை வைத்திருக்க வேண்டும். அப்படியானால் ஆயில் கூலருக்கு ரேடியேட்டருக்கு உள்ள அதே பலவீனம் வந்துசேர்கிறது. வெயில் இந்த எஞ்சினைத் தீண்டும் இடம் ஆயில்தான்.

ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் வரலாற்றை இந்தக் கண்ணோட்டத்தில் படிக்கலாம். 1930-களில் ஃபெர்டினாண்ட் போர்ஷே அதற்குக் காற்று எஞ்சினைத் தேர்ந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் குளிர்: கராஜ் இல்லாத வீட்டு வாசலில் பனியில் நிற்கும் காரில் உறைவதற்குத் தண்ணீர் இருக்கக் கூடாது. அந்த எஞ்சின் எதிர்க்காற்றை நம்பி இருக்கவில்லை. டைனமோவின் தண்டிலேயே பொருத்திய, பெல்ட்டால் சுழலும் விசிறி, தகரக் கூட்டுக்குள் காற்றைத் தள்ளிச் சிலிண்டர்கள் மீது செலுத்தியது. எஞ்சினைச் சுற்றிய ரப்பர் பட்டை, கீழே வெளியேறும் சுடுகாற்று மேலே திரும்பிவராமல் தடுத்தது. இருந்ததோ வெறும் 2.5 லிட்டர் ஆயில். ஆயில் கூலர் அந்தக் கூட்டுக்குள்ளேயே நின்றதால், அதைத் தாண்டிப் போன காற்று மூன்றாம் சிலிண்டருக்குச் சூடாகவும் குறைவாகவும் சேர்ந்தது. அதன் எக்ஸாஸ்ட் வால்வு முதலில் கெடுவது மெக்கானிக்குகள் நன்கறிந்த செய்தி. 1971 மாடலில் கூலரைத் தனிப்பாதைக்கு நகர்த்தினார்கள். வெயில் அப்படியே இருக்க, காற்றின் வழியை மாற்றியதிலேயே குறை பெரிதும் தணிந்தது.

இரண்டாம் உலகப் போரில் பீட்டிலின் எஞ்சின் கொண்ட க்யூபல்வாகன் என்ற ஜெர்மன் ராணுவ வண்டி வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஓடியதைக் காற்று எஞ்சின் கட்சிக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் அதிகாரி ரால்ஃப் பேக்னால்ட் 1920-களிலேயே ஃபோர்டு கார்களில் பாலைவனத்தைச் சுற்றியவர். ரேடியேட்டரில் எழும் ஆவியைக் குழாய் வழியே ஒரு டப்பாத் தண்ணீருக்குள் விட்டுக் குளிர்வித்து, மீண்டும் ரேடியேட்டருக்கே இழுத்துக்கொள்ளும் முறையை அவர் கையாண்டார். 1940-இல் அவர் எகிப்தில் அமைத்த நெடுந்தூரப் பாலைவனப் படையின் லாரிகளும் அதைக் கொண்டுதான் ஓடின. ஆகவே பாலைவனம் காற்று எஞ்சினுக்கு மட்டும் கிடைத்த வெற்றி அல்ல. குளிர்விக்கும் வழியைக் கவனமாக அமைத்த இரு தரப்பும் அங்கே பிழைத்தன.

வெயில் ஊர்களில் பீட்டில்கள் வழியில் நின்றதில்லையா என்று கேட்கலாம். நின்றன. கழற்றிய தகரத்தைத் திரும்பப் பூட்டாமல் விட்டது, கிழிந்த ரப்பர் பட்டை, தொய்ந்த பெல்ட், பழைய ஆயில் என்று காரணங்கள் பெரும்பாலும் மனிதக் கையைச் சேர்ந்தவை. ஓட்டும் முறையும் ஒரு காரணம். மேட்டில் மேல் கியரிலேயே எஞ்சினை முனகவிட்டால் சுமை கூடும், அதே நேரம் விசிறியின் வேகம் குறையும். கியரைக் குறைத்தால் காற்று கூடும். பழி வெயிலுடையது அல்ல என்பதற்கு இதைவிட வலுவான சான்று 1974 முதல் 1977 வரை வந்த 2.7 லிட்டர் போர்ஷே 911. அமெரிக்கப் புகைச் சட்டத்துக்காக எஞ்சினை ஒட்டிச் சூட்டைத் தேக்கும் தெர்மல் ரியாக்டரைப் பூட்டினார்கள். 1976-இல் விசிறியின் 11 இலைகளை ஐந்தாகக் குறைத்தார்கள். மெக்னீசியம் கிராங்க்கேஸிலிருந்து, சிலிண்டர் ஹெட்டைப் பிடித்திருந்த ஸ்டட்கள் பிடுங்கிக்கொண்டு வந்தன. அலுமினியம் கேஸும் 11 இலை விசிறியும் கொண்டு 1978-இல் வந்த 911 எஸ்சி நம்பகமான வண்டி என்று பெயரெடுத்தது.

அவ்வளவு நல்ல ஏற்பாடு என்றால் ஏன் ஒழிந்தது என்பது கடைசி ஆட்சேபம். தண்ணீர் உறை இல்லாத எஞ்சின் சத்தம் போடும். அதன் வெப்பநிலை பரந்த எல்லையில் ஏறியிறங்குவதால் புகையைக் கட்டுப்படுத்துவதும் கடினம். 911 காற்று எஞ்சினைக் கைவிட்டது 1998-இல். வெயில் நாடான பிரேசிலிலோ ஃபோக்ஸ்வேகனின் கோம்பி வேன் 2005 இறுதிவரை காற்று எஞ்சினில் ஓடியது. அதை மாற்றவைத்தது புகைக் கட்டுப்பாட்டு விதி. மெக்ஸிகோவின் புவெப்லா ஆலையிலிருந்து கடைசி பீட்டில் வெளிவந்தது 2003 ஜூலையில். அந்த எஞ்சின் கடைசிவரை தாக்குப்பிடித்த இடங்களே வெப்ப நாடுகள்தாம் என்னும்போது, வெயிலால் ஒழிந்தது என்ற பழைய தீர்ப்பைத் திருத்தி எழுதுவதே நியாயம். கோடையில் இன்றும் அதை ஓட்டுபவர் வானத்து வெப்பத்தைவிட ஆயிலையும், பெல்ட்டையும், தகரக் கூட்டின் இடைவெளிகளையும்தான் கவனிக்க வேண்டும்.